1969ஆம் ஆண்டின் விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான வரலாற்றில் ஆர்வமுள்ள யாரோடு பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி 1969இல் வந்து நின்றுவிடுகிறது. ஜம்போ ஜெட், கான்கார்ட், ஏர்பஸ், நிலவு என்று எல்லாமே ஒரே ஆண்டில் குவிந்திருப்பதால் தேதிகளும் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துபோய், தவறான தகவல்கள் நிறையவே உலவுகின்றன. என்னிடம் அடிக்கடி வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப்போக.

1969ல அப்படி என்னதான் விசேஷம்? சுருக்கமா சொல்லுங்க.

பிப்ரவரி 9 அன்று ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747 முதன்முதலாகப் பறந்தது. சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 2 அன்று, ஒலியைவிட வேகமாகப் பறக்கவென்று கட்டிய பயணிகள் விமானமான கான்கார்ட் பறந்தது. மே 29 அன்று ஏர்பஸ்ஸின் முதல் விமானத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 20 அன்று மனிதர்கள் நிலவில் இறங்கினார்கள். இவற்றுக்கு நடுவே, நின்ற இடத்திலிருந்தே எழும்பும் ஹாரியர் போர் விமானம் பணியில் சேர்ந்தது. விமானக் கடத்தல்கள் அதுவரை காணாத எண்ணிக்கையை எட்டியதும் அதே ஆண்டில்தான்.

ஜம்போ ஜெட் அந்த வருஷமே பயணிகளை ஏத்திக்கிட்டுப் போச்சா?

இல்லை. 1969 முழுவதும் 747க்குச் சோதனை ஆண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட்டில் உள்ள பெயின் ஃபீல்டிலிருந்து முதல் விமானத்தை ஜாக் வாடெல் ஓட்டினார். துணை விமானி பிரையன் வைகிள், பொறியாளர் ஜெஸ் வாலிக். இறக்கையின் மடல் ஒன்றில் கோளாறு தெரிந்ததால் திட்டமிட்டதைவிடச் சீக்கிரமே, 1 மணி 16 நிமிடத்தில் தரையிறங்கிவிட்டார்கள். ஆனாலும் விமானம் கைக்கு அடக்கமாகப் பறந்தது என்பதே அன்றைய பெரிய செய்தி.

சோதனைகளில் தலைவலி கொடுத்தவை பிராட் அண்ட் விட்னியின் ஜேடி9டி என்ஜின்கள்தான். முழு விசையில் இயங்கும்போது என்ஜினின் வெளிக்கூடு வட்டத்திலிருந்து லேசாக முட்டை வடிவத்துக்கு நெளிந்து, உள்ளே சுழலும் பகுதிகள் உரசின. அதைச் சரிசெய்யும்வரை, என்ஜின் இல்லாத புது விமானங்கள், அதன் எடைக்கு ஈடாகக் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிட்டபடி தொழிற்சாலைக்கு வெளியே வரிசையாக நின்றன. அமெரிக்க அரசின் தகுதிச் சான்றிதழ் டிசம்பர் 30 அன்றுதான் கிடைத்தது. பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் முதல் பயணிகள் சேவை, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு, 1970 ஜனவரி 21 இரவு கிளம்ப வேண்டியது. அதிலும் என்ஜின் சூடேறி, மாற்று விமானம் கொண்டுவந்து, நள்ளிரவு தாண்டித்தான் புறப்பட்டார்கள்.

747க்கு முன்பக்கம் மட்டும் ஏன் அந்தத் திமில்? அழகுக்கா?

அழகுக்கு இல்லை. 1960களில் எல்லோரும் நம்பியது இதுதான்: இன்னும் பத்து ஆண்டுகளில் பயணிகள் அனைவரும் ஒலியைவிட வேகமான விமானங்களுக்குப் போய்விடுவார்கள், 747 சரக்கு சுமக்கும். அதனால் மூக்கையே மேலே தூக்கித் திறந்து, நீளமான சரக்குகளை நேராக உள்ளே தள்ளும்படி வடிவமைத்தார்கள். மூக்கு திறக்க வேண்டுமென்றால் விமானிகள் அங்கே உட்கார முடியாது. விமானி அறையை மாடிக்கு ஏற்றினார்கள். அந்த அறை காற்றைக் கிழிக்காமல் பின்னோக்கிச் சரிய வேண்டும் என்பதால் கூடவே வந்தது திமில்.

வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஜோ சட்டர். பான் ஆம் தலைவர் வான் டிரிப் முதலில் கேட்டது முழுநீள இரண்டு மாடி விமானம். அவசர காலத்தில் மேல்மாடியிலிருந்து அத்தனை பேரையும் வெளியேற்றுவது கடினம் என்று கண்ட சட்டர் குழு, அதற்குப் பதிலாக அகலத்தைக் கூட்டி, இரண்டு நடைபாதை வைத்தது. இன்று நீண்ட தூரம் பறக்கும் அகல விமானங்கள் அத்தனையும் அந்த ஒரு முடிவின் பிள்ளைகள். எனக்கு அந்த ஆண்டிலேயே மிகவும் பிடித்த பொறியியல் முடிவு அதுதான்.

கான்கார்ட் முதல் நாளே ஒலியை விட வேகமா பறந்துச்சா?

இல்லவே இல்லை. பிரான்ஸின் தூலூஸில் ஆந்த்ரே துர்க்கா ஓட்டிய முதல் பயணம் அரை மணிக்கும் குறைவு. சக்கரங்களை உள்ளிழுக்கவே இல்லை, வேகம் சாதாரணப் பயணிகள் விமானத்தைவிடக் குறைவு. புது விமானத்தின் முதல் பயணம் எப்போதும் இப்படித்தான் இருக்கும். பறக்கிறதா, திரும்புகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பதோடு சரி. இங்கிலாந்தில் கட்டிய இரண்டாவது மாதிரி விமானத்தை ஏப்ரல் 9 அன்று பிரையன் ட்ரப்ஷா ஃபில்டனிலிருந்து ஃபேர்ஃபோர்டுக்கு ஓட்டிச் சென்றார்.

ஒலிவேகத்தை, அதாவது மாக் 1ஐ, கான்கார்ட் தாண்டியது 1969 அக்டோபர் 1 அன்று. ஒலியின் இருமடங்கான மாக் 2ஐத் தொட 1970 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயணிகள் ஏறியது 1976 ஜனவரி 21 அன்று.

ரஷ்யாவோட விமானம்தானே முதல்ல பறந்துச்சு? அப்புறம் ஏன் கான்கார்ட் கான்கார்ட்னு சொல்றாங்க?

சரியாகத்தான் கேட்கிறீர்கள். துப்பலேவ் டியு-144 பறந்தது 1968 டிசம்பர் 31 அன்று, கான்கார்டுக்கு இரண்டு மாதம் முன்னால். ஓட்டியவர் எட்வர்ட் எலியான். ஒலிவேகத்தைத் தாண்டியதிலும் அதற்கே முதலிடம்: 1969 ஜூன் 5. மாக் 2ஐயும் அதுவே முதலில், 1970 மே மாதத்தில், எட்டியது. 'முதல்' என்ற மூன்று பட்டங்களும் சோவியத் பொறியாளர்களுக்கு உரியவை. அதை யாரும் மறுக்கக் கூடாது.

ஆனால் பயணிகளோடு டியு-144 பறந்தது வெறும் 55 முறை, 1977 நவம்பருக்கும் 1978 ஜூனுக்கும் இடையில், மாஸ்கோவுக்கும் அல்மா-அட்டாவுக்கும் நடுவே. கான்கார்ட் 2003 வரை 27 ஆண்டுகள் பறந்தது. பெயர் நிலைத்ததற்குக் காரணம் அந்த உழைப்பு.

அமெரிக்கா நிலாவுக்கே போச்சே, ஒரு சூப்பர்சோனிக் பயணிகள் விமானம் ஏன் செய்யல?

செய்ய முயன்றார்கள். போயிங் 2707 என்ற திட்டம் 1966 டிசம்பர் 31 முதல் ஓடிக்கொண்டிருந்தது. கான்கார்டைவிடப் பெரிதாக, அதைவிட வேகமாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. 1969 செப்டம்பர் 23 அன்று அதிபர் நிக்சன் அதற்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். 1971 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியதும் ஒரு விமானம்கூட முடிக்கப்படாமல் திட்டம் நின்றுபோனது.

செலவு ஒரு காரணம், சத்தம் இன்னொன்று. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம் தான் போகும் பாதை நெடுக ஓர் அதிர்வெடியை இழுத்துக்கொண்டே போகிறது. ஒலித்தடையை உடைக்கும் நொடியில் மட்டும்தான் வெடிச்சத்தம் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1964இல் ஓக்லஹோமா நகரத்தின் மேல் ஆறு மாதம் வேண்டுமென்றே 1,200 முறைக்கும் மேல் அந்த அதிர்வை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, புகார்கள் குவிந்தன. 1973இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறப்பதற்குத் தடை விதித்தது.

ஒரு தேதியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாக் 3இல் பறந்த எக்ஸ்பி-70 என்ற மாபெரும் சோதனை விமானம், சூப்பர்சோனிக் பயணிகள் விமான ஆய்வுக்கும் பயன்பட்டது. அது தன் கடைசிப் பயணமாக அருங்காட்சியகத்துக்குப் பறந்து சென்றது 1969 பிப்ரவரி 4 அன்று. 747 வானேறியது அதற்கு ஐந்தே நாள் கழித்து.

747ங்கிறது ராணுவ விமானத்துக்குப் போட்ட டிசைனோட மிச்சம்னு படிச்சேன். உண்மையா?

பாதிகூட உண்மையில்லை. அமெரிக்க விமானப்படையின் மாபெரும் சரக்கு விமானத்துக்கான போட்டியில் போயிங் கலந்துகொண்டு 1965இல் லாக்ஹீடிடம் தோற்றது. லாக்ஹீட் கட்டியதுதான் சி-5 கேலக்ஸி. தோற்ற வரைபடத்தைத் தூசிதட்டி 747 ஆக்கினார்கள் என்ற கதை அங்கிருந்து வந்தது. இறக்கை மேலே பொருத்திய சரக்கு விமானம் அது, இறக்கை கீழே உள்ள இரட்டை நடைபாதை விமானம் இது. உடல், இறக்கை, சக்கர அமைப்பு எல்லாமே புதிதாக வரைந்தவை என்று சட்டர் கடைசிவரை அழுத்திச் சொன்னார்.

உண்மையிலேயே அந்தப் போட்டியிலிருந்து கிடைத்தது என்ஜின் தொழில்நுட்பம். பழைய ஜெட் என்ஜினில் உள்ளே போகும் காற்றில் பெரும்பகுதி எரி அறை வழியாகப் போய், மிக வேகமாக, காதைப் பிளக்கும் சத்தத்தோடு வெளியேறும். புதிய வகையில் முன்னால் ஒரு பெரிய விசிறி இருக்கும். உள்ளே எரியும் ஒவ்வொரு பங்கு காற்றுக்கும் சுமார் ஐந்து பங்கு காற்றை அந்த விசிறி என்ஜினின் வெளிப்புறமாகவே பின்னால் தள்ளும். கொஞ்சம் காற்றை வெகுவேகமாகத் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் அதே உந்துவிசைக்கு எரிபொருள் குறைவு, சத்தமும் குறைவு. 'ஹை பைபாஸ்' என்று சொல்வது இதைத்தான். மேலே சொன்ன ஜேடி9டி, பயணிகள் விமானத்தில் வந்த முதல் ஹை பைபாஸ் என்ஜின். 1969இல் அது கொடுத்த தொல்லைகளை மட்டும் பார்த்துவிட்டு அதன் அருமையை மறந்துவிட வேண்டாம்.

ஏர்பஸ் ஆரம்பிச்சது 1969ஆ, 1970ஆ? ரெண்டும் போட்டிருக்காங்க.

இரண்டும் சரி. 1969 மே 29 அன்று பாரிஸ் விமானக் கண்காட்சியில், லெ பூர்ஜேவில், ஏ300 விமானத்தைச் சேர்ந்து கட்டுவதற்குப் பிரெஞ்சு அமைச்சர் ஜான் ஷமானும் ஜெர்மன் அமைச்சர் கார்ல் ஷில்லரும் கையெழுத்திட்டார்கள். ஏர்பஸ் இண்டஸ்ட்ரி என்ற அமைப்பு சட்டப்படி உருவானது 1970 டிசம்பர் 18 அன்று. விமானம் பிறந்த ஆண்டு ஒன்று, நிறுவனம் பிறந்த ஆண்டு இன்னொன்று.

கையெழுத்துக்கு முந்தைய மாதம் பிரிட்டிஷ் அரசு திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. விமானம் கைவிடப்படும் என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் இறக்கையை வடிவமைத்துக்கொண்டிருந்த பிரிட்டனின் ஹாக்கர் சிட்லி நிறுவனம் தானாகவே முன்வந்து தொடர்ந்தது. 300 இருக்கை என்று தொடங்கிய திட்டத்தை அதன் தொழில்நுட்பத் தலைவர் ரோஜர் பெத்தெய் 250 இருக்கை அளவுக்குச் சுருக்கினார். இரண்டே என்ஜின், ஆனால் இரண்டு நடைபாதை. அப்படி ஒரு விமானம் அதற்குமுன் உலகில் இல்லை.

ஹாரியர் ரயில் நிலையத்துல இருந்து கிளம்பிச்சுன்னு சொல்றது கதையா, நிஜமா?

நிஜம். ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக்கை இடைநில்லாமல் கடந்து 50 ஆண்டு ஆனதையொட்டி 1969 மே மாதம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு விமானப் பந்தயம் நடந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் டாம் லெக்கி-தாம்சன், லண்டன் செயின்ட் பாங்கரஸ் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த நிலக்கரி முற்றத்திலிருந்து ஹாரியரை எழுப்பினார். வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மன்ஹாட்டனின் கிழக்கு ஆற்றங்கரையில் இறக்கினார். நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு 6 மணி 11 நிமிடம். ஓடுபாதை இரண்டு பக்கமும் கிடையாது. போர் விமானம் அந்தப் படையில் சேர்ந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன.

நிலாப் பயணம் ராக்கெட் சமாசாரம். அதை ஏன் விமானக் கணக்குல சேர்க்கறீங்க?

ஆம்ஸ்ட்ராங் அடிப்படையில் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை ஓட்டிய சோதனை விமானி. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தின் மரத்துண்டையும் இறக்கைத் துணியின் சிறு துண்டையும் நிலவுவரை எடுத்துச் சென்றவர். அது உணர்வு சார்ந்த காரணம். தொழில்நுட்பக் காரணம் இதைவிடப் பெரிது. அப்பல்லோவின் வழிகாட்டுக் கணினியை ஒரு எஃப்-8 ஜெட்டில் பொருத்தி, விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே இயந்திர இணைப்புகளே இல்லாமல், கணினி வழியாக மட்டும் விமானத்தை ஓட்டிக் காட்டினார்கள். அது 1972 மே 25. அதற்கு அப்பல்லோ கணினியைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவரும் ஆம்ஸ்ட்ராங்தான். இன்றைய ஏர்பஸ்ஸில் விமானி கைப்பிடியை அசைத்தால் அது கணினிக்கான கட்டளையாகப் போகிறதே, அதற்கான வழி அங்கே திறந்தது.

அந்த வருஷம்தான் விமானக் கடத்தல் ரொம்ப அதிகமாமே?

ஆமாம். உலகெங்கும் 80க்கும் மேற்பட்ட கடத்தல் முயற்சிகள், பெரும்பகுதி கியூபாவை நோக்கி. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 840ஆம் எண் விமானம் டமாஸ்கஸுக்குக் கடத்தப்பட்டு, ஆட்கள் இறங்கிய பின் அதன் முன்பகுதி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அக்டோபர் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பிய இன்னொரு விமானம் ரோம் வரை கொண்டுபோகப்பட்டது.

நுழைவாயிலில் சோதனையே இல்லாத காலம் அது. பயணி நேராக நடந்து போய் விமானத்தில் ஏறலாம். 1969 அக்டோபரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் சந்தேகத்துக்குரிய பயணிகளை மட்டும் உலோகம் கண்டறியும் கருவியால் சோதிக்கத் தொடங்கியது. விமானத்துக்குள் நடக்கும் குற்றங்கள் குறித்த டோக்கியோ உடன்படிக்கை, 1963இல் கையெழுத்தானது, 1969 டிசம்பர் 4 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் எல்லாப் பயணிகளுக்கும் சோதனை கட்டாயமானது 1973இல். நடுவில் போன அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். தீர்வு கையில் இருந்தது, பயணிகள் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டார்கள்.

பெரிய விபத்து எதுவும் நடக்கலையா?

நடந்தது. மார்ச் 16 அன்று வெனிசுவேலாவின் மரக்காய்போவில் வியாசா நிறுவனத்தின் டிசி-9 விமானம் எழும்பியவுடன் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 84 பேரும் தரையில் 71 பேருமாக 155 உயிர்கள் போயின. அதுவரை நடந்த விமான விபத்துகளில் அதுவே மிகக் கொடியது. ஓடுபாதையின் வெப்பமானிகள் தவறான அளவு காட்டியதால், வெப்பக் காற்றில் அந்த விமானம் தூக்கக்கூடியதைவிட அதிக எடையோடு கிளம்பியிருந்தது. 747இன் பளபளப்பில் இந்த விபத்து வரலாற்றுப் பட்டியல்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

உலகின் முதல் பெண் விமானி 1969லதான் வந்தாங்கன்னு போட்டிருந்தது. சரியா?

தவறு. நார்வேயின் தூரி விடரோ 1969இல் எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தில் பறக்கத் தொடங்கினார். மேற்கத்திய நாடுகளின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் முதல் பெண் விமானி என்பதே அவருக்கான சரியான அடைமொழி. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே இந்தியாவில் பிரேம் மாத்தூர் டெக்கான் ஏர்வேஸில் பறந்தார். விடரோவின் சாதனை இதனால் குறைந்துவிடாது. 'உலகின்' என்ற சொல்லுக்குப் பதிலாக அந்த அடைமொழியைப் போட்டால் போதும்.

யாரும் பேசாத சாதனை ஏதாவது?

ஆகஸ்டில் இரண்டு. 6ஆம் தேதி சோவியத்தின் மில் வி-12 ஹெலிகாப்டர் 44,205 கிலோ எடையைச் சுமந்து 2,255 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. அரை நூற்றாண்டு தாண்டியும் எந்த ஹெலிகாப்டரும் அவ்வளவு தூக்கியதில்லை. 16ஆம் தேதி டாரில் கிரீனமையர், தான் மாற்றியமைத்த பழைய பேர்கேட் விமானத்தில் மணிக்கு 770 கி.மீ.க்கு மேல் பறந்து, பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கான உலகச் சாதனையை முறியடித்தார். அதுவரை அந்தச் சாதனை ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் வெண்டல் 1939இல் வைத்தது, மணிக்கு 755 கி.மீ. முப்பது ஆண்டு அசையாமல் நின்ற சாதனை.

அப்போ கடைசில ஜெயிச்சது 747ஆ, கான்கார்டா?

இந்தக் கேள்வியை எல்லோரும் இரண்டு பேரை மட்டும் வைத்தே கேட்கிறார்கள். கான்கார்ட் சுமார் 100 பேரோடு அட்லாண்டிக்கைக் கடக்க எரித்த எரிபொருள், அதைப்போல் மூன்று நான்கு மடங்கு பயணிகளைச் சுமந்த 747 எரித்ததற்குக் குறையாதது. 1973 எண்ணெய் நெருக்கடியோடு அந்தக் கணக்கு முடிந்துபோனது. கட்டப்பட்டவை 20, பயணிகள் சேவைக்கு வந்தவை 14. 747 ஒன்றரை ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது, கடைசி விமானம் 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது. இந்த இருவருக்குள் பார்த்தால் வென்றது 747.

ஆனால் இன்று நீண்ட தூரப் பயணத்துக்கு எந்த விமான நிலையத்துக்குப் போனாலும், வாசலில் நிற்பது பெரும்பாலும் இரண்டு நடைபாதையும் இரண்டே என்ஜினும் கொண்ட விமானம். அது 747இன் நகலும் இல்லை, கான்கார்டின் வாரிசும் இல்லை. லெ பூர்ஜேவில் கையெழுத்தான ஏ300இன் வழி வந்தது. ஹை பைபாஸ் என்ஜின் வளர வளர, நான்கு செய்த வேலையை இரண்டே செய்துவிட முடிந்தது. நான்கு என்ஜினின் பராமரிப்புச் செலவை யாரும் தாங்கத் தயாராக இல்லை. அந்த ஆண்டின் முதன்மையான நிகழ்வு எது என்று கேட்டால், நான் பிப்ரவரி 9ஐயோ மார்ச் 2ஐயோ சொல்ல மாட்டேன், மே 29ஐத்தான் சொல்வேன். கான்கார்டை நேசிப்பவர்களுக்கு இது கசக்கும். நானும் நேசிப்பவன்தான்.

இந்த விமானங்களை இப்போ நேர்ல பார்க்க முடியுமா?

பலவற்றைப் பார்க்கலாம். பிப்ரவரி 9 அன்று பறந்த அதே 747 சியாட்டிலின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் கான்கார்ட் லெ பூர்ஜேவிலும், பிரிட்டனில் கட்டிய இரண்டாவது யோவில்டனிலும் நிற்கின்றன. எக்ஸ்பி-70 ஓஹியோவின் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில். மில் வி-12 மாஸ்கோ அருகே மோனினோவில். கிரீனமையரின் பேர்கேட் வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியனின் உட்வர்-ஹேஸி மையத்தில்.

கான்கார்டையும் டியு-144ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஜின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இரண்டும் கூரைமேல் மூக்கைத் தூக்கியபடி நிற்கும், இரண்டின் உள்ளேயும் ஏறிப் பார்க்கலாம்.